பால் கவர் முதல் பேக்கிங் பட்டை வரை: வீட்டுப் பிளாஸ்டிக்கில் கைவேலை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை மதியம் எட்டுப் பத்துப் பேர் கூடி உட்காருவோம். அந்த வாரம் சேர்ந்த பால் கவர், சிப்ஸ் கவர், பாட்டில், பேக்கிங் பட்டை எல்லாவற்றையும் நடுவில் கொட்டிவிட்டு ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டில் சேரும் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கைவேலைக்கு எடுக்கலாமா?

வேண்டாம். பழைய பேப்பர் கடைக்காரர் எதை வாங்குவார், எதை வாங்கமாட்டார் என்று முதலில் பிரித்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில், ஷாம்பு பாட்டில், உடைந்த வாளி, விரிசல் விட்ட குடம், கழுவிய பால் கவர் இவற்றை எடைக்கு வாங்கிக்கொள்வார்கள். அவை உருகி வேறொரு பொருளாகத் திரும்பி வரும். சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், ஷாம்பு சாஷே, மசாலா பாக்கெட் போன்றவற்றை யாரும் சீண்டமாட்டார்கள். இரண்டு மூன்று விதமான மெல்லிய படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தவை அவை. உள்ளே வெள்ளியாக மின்னுவது உலோகப் பூச்சு. பிரித்தெடுக்க ஆகும் செலவு, கிடைக்கும் பிளாஸ்டிக்கின் விலையைவிடப் பல மடங்கு. எனவே கைவேலையில் முதல் உரிமை இந்தக் கவர்களுக்குத்தான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தண்ணீர் பாட்டிலை வெட்டி, பெயின்ட் அடித்து, ஜிகினா தூவி, பசை போட்டுப் பேனா ஸ்டாண்ட் செய்கிறோம். மூன்று மாதத்தில் நிறம் உரிந்து பார்க்க நன்றாக இல்லாமல் போகிறது. தூக்கிப் போடும்போது கடைக்காரர் அதைத் தொடமாட்டார், ஏனென்றால் பெயின்டும் பசையும் கலந்த பிளாஸ்டிக் உருக்குவதற்கு ஆகாது. நாம் கை வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டில் மறுசுழற்சிக்குப் போயிருக்கும். விற்கக்கூடிய பொருளை எடுத்தால் வருடக்கணக்கில் உழைக்கும் பொருளாக மட்டும் செய்யுங்கள். பெயின்ட், பசை இல்லாமல் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. ஆயுள் முடிந்த பிறகும் அதை எடைக்குப் போடலாம்.

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கிறதே, அது எதற்கு?

அது பிளாஸ்டிக்கின் வகை. 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும். 2 என்றால் கெட்டியான பாலிதீன், ஷாம்பு பாட்டிலும் பினாயில் கேனும். 3 என்றால் பிவிசி. 4 என்றால் மென்மையான பாலிதீன், பால் கவர் இந்த வகை. 5 பாலிப்ரோப்பிலீன்: சாப்பாட்டு டப்பா, அரிசி வரும் பின்னல் சாக்கு, பேக்கிங் பட்டை. 6 பாலிஸ்டைரீன், தெர்மோகோலும் இதுதான். 7 என்பது மற்றவை எல்லாம்.

எண் அழிந்துவிட்டால் ஒரு சின்னத் துண்டை வெட்டித் தண்ணீரில் அழுத்தி விடுங்கள். 2, 4, 5 மிதக்கும். 1, 3 மூழ்கும். தண்ணீர் பாட்டிலின் மூடி மிதக்கும், பாட்டில் துண்டு மூழ்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிப் பாருங்கள், அப்புறம் அவர்களே வீடு முழுக்கச் சோதிப்பார்கள். கைவேலைக்கு இதில் தெரியவேண்டியது ஒன்றுதான்: 3 என்று இருப்பதைச் சூடுபடுத்தக் கூடாது.

பால் கவரை எப்படிக் கழுவினால் வாடை போகும்?

வெட்டிய உடனே கழுவினால் வாடையே வராது. மாலைவரை தொட்டியில் கிடந்தால்தான் சிரமம். மேல் ஓரத்தை முழு அகலத்துக்கும் வெட்டி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, பாத்திரம் தேய்க்கும் சோப்பு நுரையில் ஒரு முறை அலசி, துணிக்கொடியில் கிளிப் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். எண்ணெய்ப் பாக்கெட்டுக்கு முதலில் கொஞ்சம் கடலை மாவோ அரப்போ போட்டுத் தேய்த்துவிட்டுச் சோப்பு போடவேண்டும்.

பாலை ஊற்றுவதற்காக மூலையை மட்டும் கத்தரிக்கிறவர்கள் அந்தச் சின்ன முக்கோணத் துண்டைத் தனியாக விழ விடாதீர்கள். கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டி விடுங்கள். கவர் கடைக்குப் போகும், ஆனால் அந்த நகம் அளவுத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. அது சாக்கடைக்குத்தான் போகும்.

பால் கவரை விற்கலாம் என்கிறீர்கள், அப்புறம் ஏன் அதில் மிதியடி செய்கிறீர்கள்?

நல்ல கேள்வி. பால் கவர் மிதியடி எங்கள் குளியலறை வாசலில் வருடக்கணக்கில் கிடக்கிறது. நனைந்தாலும் உதறினால் காய்ந்துவிடும், பூஞ்சை பிடிக்காது. அதில் பசை கிடையாது, பெயின்ட் கிடையாது. ஒரு நாள் நைந்து போனால் தையலைப் பிரித்து அப்படியே எடைக்குப் போடலாம். அதனால்தான் செய்கிறோம்.

செய்முறை இது. கவரின் மேலும் கீழும் இருக்கும் ஒட்டுப் பட்டையை வெட்டி எடுத்தால் இருபுறமும் திறந்த குழாய் கிடைக்கும். அதைக் குறுக்காக 3 செ.மீ. அகலத்தில் வெட்டினால் வளையங்கள் வரும். அரை லிட்டர் கவரில் ஐந்து வளையம் கிடைக்கும். ரப்பர் பேண்டை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலி போடுவோமே, அதேபோல் ஒரு வளையத்துக்குள் இன்னொன்றை நுழைத்து இழுத்தால் முடிச்சு விழும். ரொம்ப வேகமாக இழுத்தால் கவர் நூலாக நீண்டு மெலிந்துவிடும். மெதுவாக, சீராக இழுக்க வேண்டும். இப்படி மூன்று நீளச் சரங்கள் செய்து ஜடை பின்னுவதுபோல் பின்னுங்கள். பின்னிய ஜடையை நத்தை ஓடுபோல் சுருட்டிக்கொண்டே, கோணி ஊசியில் நைலான் நூல் கோத்துப் பக்கவாட்டில் தைத்துக்கொண்டு போகவேண்டும்.

45 செ.மீ. குறுக்களவுள்ள வட்ட மிதியடிக்கு, ஜடை 2 செ.மீ. அகலம் என்று வைத்தால், சுமார் 8 மீட்டர் ஜடை வேண்டும். அதற்கு ஏறக்குறைய 250 வளையம், அதாவது ஐம்பது கவர். நாளுக்கு இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் ஒரு மாதத்துக் கவர் ஒரு மிதியடி. வட்டம் நடுவில் குவிந்து கிண்ணம் மாதிரி எழும்பினால் ஜடையை இறுக்கித் தைக்கிறீர்கள் என்று பொருள். அந்தச் சுற்றைப் பிரித்துக் கொஞ்சம் தளர்த்தித் தையுங்கள். தரையில் வைத்துத் தைத்தால் இந்தத் தொல்லை வராது.

குரோஷா ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் ஜடை பின்னாமல், அதே சரத்தைப் பெரிய ஊசியில் நேரடியாகப் பின்னலாம். பை செய்ய அதுதான் நன்றாக வரும்.

சிப்ஸ் கவரில் பர்ஸ் செய்வது எப்படி?

பட்டையை ஒட்டாமல், தைக்காமல், மடித்து மடித்தே செய்யும் வேலை இது, கடைசியில் சேர்க்க மட்டும் ஊசி நூல் வேண்டும். கவரை விரித்துத் துடைத்து, 11 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் உள்ள துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு அட்டையை அளவாக வெட்டி வைத்துக்கொண்டு அதன்மேல் வைத்து வெட்டுவது சுலபம்.

ஒரு துண்டை நீளவாக்கில் பாதியாக மடித்துத் திறந்து, இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடியும் நடுவில் மடித்தால் நான்கு மடிப்புள்ள மெல்லிய பட்டை கிடைக்கும். இப்போது அந்தப் பட்டையின் நடுவைக் குறித்துக்கொண்டு, இரு முனைகளையும் நடுவுக்கு மடித்து, திரும்பவும் நடுவில் மடியுங்கள். இரண்டு கால் உள்ள ஒரு கொக்கி வரும். ஒவ்வொரு காலும் ஒரு மடிப்புப் பையாக இருக்கும். அடுத்த கொக்கியின் இரண்டு கால்களையும் முதல் கொக்கியின் இரண்டு பைகளுக்குள் நுழைத்து இழுங்கள். மூன்றாவதை இரண்டாவதில் நுழையுங்கள். இப்படிப் போகப் போக வளைந்து நெளிந்து ஒரு பட்டை வளரும். பர்ஸின் சுற்றளவு வந்ததும் கடைசிக் கொக்கியை முதல் கொக்கியோடு கோத்து வளையமாக்கி, இரண்டு மூன்று வளையங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நைலான் நூலால் கோத்துத் தைத்தால் பர்ஸின் உடல் தயார். அடிப்பக்கத்தைச் சேர்த்துத் தைத்து, மேலே ஒரு ஜிப் வைத்துவிடுங்கள்.

மெல்லிய கவர் மடிப்பில் நிற்காமல் பிரிந்து வரும். உள்ளே பழைய நாளிதழ்த் துண்டு ஒன்றை அதே அளவில் வைத்து மடித்தால் கெட்டியாக நிற்கும். வெள்ளிப் பக்கம் வெளியே வரும்படி சிலதும் வண்ணப் பக்கம் வெளியே வரும்படி சிலதும் கலந்து போட்டால் அழகு கூடும். ஒரு கைப்பைக்கு நூற்றுக்கணக்கில் துண்டு போகும், எனவே முதலில் காசு வைக்கும் சின்னப் பர்ஸில் தொடங்குங்கள். பேருந்துப் பயணத்தில், டாக்டர் வீட்டில் காத்திருக்கும்போது எல்லாம் மடிக்கலாம். எங்கள் குழுவில் மிகவும் பொறுமை இல்லாதவர் என்று பெயர் வாங்கிய ஒரு அக்காதான் இதில் இப்போது கைதேர்ந்தவர்.

பேக்கிங் பட்டையில் கூடை பின்ன எவ்வளவு பட்டை வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஃபிரிட்ஜ், டைல்ஸ், துணி பண்டல் என்று எது வந்தாலும் பெட்டியைச் சுற்றிப் பட்டை இருக்கும். கடையில் பாதியில் கத்தரித்துத் துண்டு துண்டாகப் போட்டுவிடுவார்கள். ஒட்டு இருக்கும் இடத்தில் வெட்டித் தரும்படி கடைக்காரரிடம் முன்பே சொல்லி வைத்தால் முழு நீளமாகக் கிடைக்கும். வெள்ளை, மஞ்சள், நீலத்தில் மெல்லியதாக வரும் பாலிப்ரோப்பிலீன் பட்டைதான் வளையும். பச்சை நிறத்தில் கண்ணாடி மாதிரி விறைப்பாக வருவது பெட் பட்டை. அதன் ஓரம் கையைக் கிழிக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

12 மி.மீ. பட்டையில் 20 செ.மீ. நீளம், 20 அகலம், 20 உயரம் உள்ள கூடைக்குக் கணக்குச் சொல்கிறேன். அடிக்கு நீளவாக்கில் 16, குறுக்கே 16 பட்டை. ஒவ்வொன்றும் 80 செ.மீ.: அடிக்கு 20, இரு பக்கச் சுவருக்கு 20 வீதம் 40, மேல் விளிம்பில் மடிக்க இரு முனையிலும் 10 வீதம் 20. பக்கச் சுற்றுக்கு 88 செ.மீ.யில் 16 பட்டை. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 40 மீட்டர், பிடிக்குத் தனி.

16 பட்டையைத் தரையில் ஒட்டி ஒட்டி அடுக்கி, ஒரு முனையில் செங்கல் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற 16 பட்டையையும் பாய் முடைவதுபோல் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக நுழையுங்கள். எல்லாவற்றையும் நடுவை நோக்கித் தட்டி நெருக்கி, நான்கு மூலையிலும் துணிக் கிளிப் போடுங்கள். அப்புறம் அடிக்கோலை விளிம்பில் வைத்து நான்கு பக்கமும் பட்டைகளை மேல்நோக்கி மடித்து நிறுத்தவேண்டும். மடிப்பில் நகத்தால் நன்றாகக் கீறிவிட்டால் கூடை சதுரமாக நிற்கும்.

இனிச் சுவர். 88 செ.மீ. பட்டையை ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாகச் சுற்றி வந்து, கடைசி 8 செ.மீ.யைத் தொடங்கிய இடத்தின் மேலேயே ஏற்றி முனையை ஒரு நிற்கும் பட்டைக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள். அடுத்த சுற்றை எதிர்ப்பக்கத்தில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒரே இடம் தடித்துப்போகும். போன சுற்றில் மேலே இருந்த பட்டை இந்தச் சுற்றில் கீழே வரவேண்டும். நிற்கும் பட்டைகள் 64, இரட்டைப்படை. அதனால்தான் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனி வளையமாகப் போடுகிறோம். ஒரே நீளப் பட்டையைத் தொடர்ந்து சுற்ற நினைத்தால் நிற்கும் பட்டை ஒற்றைப்படையாக இருந்தால்தான் பின்னல் மாறி மாறி விழும்.

16 சுற்று முடிந்ததும் கடைசி வளையத்துக்கு வெளியே நிற்பவற்றை உள்பக்கமாகவும், உள்ளே நிற்பவற்றை வெளிப்பக்கமாகவும் மடித்து, இரண்டு மூன்று வளையங்களுக்கு அடியில் செருகிவிடுங்கள். பிடியை விளிம்பில் மட்டும் மாட்டாதீர்கள். பிடிப் பட்டை ஒரு பக்கச் சுவர் வழியாக இறங்கி, கூடையின் அடியில் போய், மறுபக்கச் சுவரில் ஏறி வரவேண்டும். தேங்காயும் பூசணியும் வைத்துத் தூக்கினாலும் பளு அடியில் உட்காரும், விளிம்பு பிய்ந்துவராது.

முதல் கூடை எனக்கு நான்கு மதியம் எடுத்தது. கை பழகிவிட்டால் ஒன்றரை நாள் போதும். ஓலை முடைந்த பாட்டிமார் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்களை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பட்டை புதிதாக இருந்தாலும் பின்னல் அவர்கள் கைக்குத் தெரிந்த பின்னல்தான்.

வயர் கூடை பின்னுவதும் மறுபயன்பாடுதானே?

கடையில் புது வயர் கட்டு வாங்கிப் பின்னினால் அது மறுபயன்பாடு இல்லை. ஆனால் அருமையான கைத்தொழில். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்கு முடிச்சு அழகு, ஒரு கூடை பல வருடம் வரும், அந்த அளவுக்குக் கடையில் தரும் பிளாஸ்டிக் பைகள் மிச்சம். பழைய வயர் கூடை பிய்ந்துபோனால் தூக்கிப் போடாமல் முடிச்சைப் பிரித்து வயரை மீட்டுச் சின்னப் பூஜைக் கூடை பின்னலாம்.

பசை போட்டாலும் ஒட்டாமல் உரிந்து வருகிறதே?

பாலிதீனிலும் பாலிப்ரோப்பிலீனிலும் எந்த வீட்டுப் பசையும் நிலைக்காது. அவற்றின் மேற்பரப்பில் பசை பரவிப் பிடிப்பதில்லை, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி திரண்டு நிற்கும். இதற்குப் பசையை மாற்றிப் பயனில்லை, முறையை மாற்றவேண்டும். தையுங்கள், கட்டுங்கள், கோத்துவிடுங்கள், பின்னுங்கள். ஓட்டை போட்டு நூலால் இறுக்கினால் போதும். பெட் பாட்டில் மட்டும் உடனடிப் பசைக்கு ஓரளவு ஒட்டும், உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டவேண்டும்.

பாட்டிலில் செடி வைக்கலாமா? கொசு வருமா?

வைக்கலாம், கவனமாக இருந்தால். பாட்டிலைப் பாதியில் வெட்டி, மேல் பாதியைத் தலைகீழாகக் கீழ்ப் பாதிக்குள் உட்காரவைத்து, மூடியில் ஓட்டை போட்டுப் பருத்தித் துணித் திரியை விட்டால், கீழே ஊற்றும் தண்ணீரைத் திரி மண்ணுக்கு உறிஞ்சிக் கொடுக்கும். புதினா, கொத்தமல்லி, கற்பூரவல்லி நன்றாக வரும். நாலைந்து நாள் ஊருக்குப் போனாலும் செடி வாடாது.

வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, பாட்டிலின் விளிம்பை இரண்டு விநாடி அழுத்தி எடுத்தால் ஓரம் உள்பக்கம் மடிந்து வழவழவென்று ஆகிவிடும்.

கொசு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு மூடி அளவு நீர் போதும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒரு முறை கீழ்ப் பாதியின் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நனைந்ததும் பொரியும். இதைச் செய்ய நேரம் இல்லாதவர்கள் பாட்டில் தொட்டியே வைக்கவேண்டாம். அடியில் ஓட்டை போட்ட பழைய வாளி நல்லது, அதில் தண்ணீர் தேங்காது.

பறவைக்குத் தண்ணீர் வைக்கவும் பாட்டிலை வெட்டித் தொங்கவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் சுட்டுவிடும். அதற்கு மண்சட்டிதான் சரி.

பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றலாமா?

வீட்டில் வேண்டாம். அடுப்பில் வாணலி வைத்து உருக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். எந்த வகை என்று தெரியாமல் சூடேற்றினால் வரும் புகை நுரையீரலுக்குக் கேடு. பிவிசி கலந்துவிட்டால் அமில வாயு வரும், எரிந்தால் டயாக்சின் என்ற நச்சும் சேரும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது, எரியும் குழம்பு தெறிக்கும்.

பாட்டில் விளிம்பை இஸ்திரியில் மழுக்குவதைத் தவிர, சூடு வைத்துச் செய்யக்கூடிய ஒரே வேலையாக நான் சொல்வது, 2, 4 வகைக் கவர்களை இஸ்திரியில் ஒட்டிக் கெட்டித் துணிபோல் ஆக்குவது. ஆறு முதல் எட்டுக் கவரை அடுக்கி, மேலும் கீழும் கேக் தட்டில் போடும் பட்டர் பேப்பர் வைத்து, மிதமான சூட்டில் பெட்டியை நகர்த்திக்கொண்டே தேயுங்கள். மொட்டை மாடியில், காற்றோட்டத்தில் செய்யவேண்டும். அச்சு மை உள்ள பக்கம் உள்ளே இருக்கட்டும். புகை வந்தாலோ மணம் மாறினாலோ சூடு அதிகம், நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த வேலைக்குப் பக்கத்தில் வரவேண்டாம்.

பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கலாம்?

பாட்டில் மூடிதான் பிள்ளைகளின் சொத்து. ஒரே நிறத்தில் 15, வேறு நிறத்தில் 3 மூடி சேர்த்தால் ஆடுபுலி ஆட்டத்துக்கு ஆடும் புலியும் தயார். கட்டத்தைத் தரையில் சாக்பீஸில் போட்டுக்கொள்ளலாம், அல்லது பழைய வேட்டித் துண்டில் மார்க்கரால் வரைந்து சுருட்டி வைத்துக்கொள்ளலாம். ஐஸ்கிரீம் கப் 14 சேர்ந்தால் ஒரு அட்டையில் ஏழு ஏழாகக் கட்டி வைத்துப் பல்லாங்குழி. காய்க்குப் புளியங்கொட்டை. எங்கள் திண்ணையில் பெரியவர்கள் பின்னும் நேரம் முழுக்கப் பிள்ளைகள் இதில்தான் இருப்பார்கள்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கையில் மூடி கொடுக்காதீர்கள், விழுங்கிவிடுவார்கள். பாட்டில் வெட்டுவதும் ஓட்டை போடுவதும் பெரியவர்கள் வேலை.

பள்ளியில் தெர்மோகோல் கொண்டு வரச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

ஆசிரியரிடம் மரியாதையாகப் பேசிப் பாருங்கள். அலங்காரத்துக்கான தெர்மோகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் அதில் உண்டு, தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 2019 ஜனவரி 1 முதல் தடை. குப்பையிலிருந்து கலை என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, அதற்காகக் கடையில் புது ஸ்ட்ராவும் புதுத் தட்டும் வாங்க வைப்பது பிள்ளைகளுக்குத் தவறான பாடம். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. பாதி நாள் இரவு பத்து மணிக்கு அம்மாதான் அதைச் செய்துகொண்டிருப்பாள், மறுநாள் சாயங்காலம் அது பள்ளிக் குப்பைத்தொட்டியில் கிடக்கும். அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டில் சேரும் பிளாஸ்டிக்கை வகை பிரித்து எண்ணி வரச் சொன்னால் பிள்ளை எவ்வளவோ கற்றுக்கொள்ளும். மலை, கோட்டை செய்யத்தான் வேண்டும் என்றால் அட்டைப்பெட்டியும் நாளிதழ்க் கூழும் போதும்.

கொலு, பொங்கலுக்கு அலங்காரம்?

கொலுவில் பூங்கா வைப்பவர்கள் பாட்டில் அடியை வெட்டிக் குளம் செய்யலாம், பச்சை நிறக் கவரைச் சீவிப் புல் செய்யலாம். வருடாவருடம் அதே பெட்டியில் எடுத்து வைத்து மறுபடி பயன்படுத்துவதானால் செய்யுங்கள். வாசலுக்குப் பிளாஸ்டிக் தோரணம் வேண்டாம். மாவிலை இருக்கிறது, தென்னங்குருத்து இருக்கிறது. பாட்டில் அடியில் அகல் வைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும்.

பாட்டிலுக்குள் கவரை அடைத்து முக்காலி செய்கிறார்களே, அது நிற்குமா?

நன்றாக அடைத்தால் நிற்கும். இதற்கு எக்கோ பிரிக் என்று பெயர். உலர்ந்த, சுத்தமான கவர்களை நறுக்கிப் போட்டு, மூங்கில் குச்சியால் குத்திக் குத்தி நிரப்பவேண்டும். அளவு என்னவென்றால் பாட்டிலின் ஒரு மில்லிலிட்டர் கொள்ளளவுக்குக் குறைந்தது 0.33 கிராம். அதாவது ஒரு லிட்டர் பாட்டில் 330 கிராமுக்குக் குறையக் கூடாது. சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் உட்காரும்போது நசுங்கும்.

ஒரே அளவுப் பாட்டில் ஏழு. ஒன்றை நடுவில் வைத்து ஆறைச் சுற்றி வைத்தால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உட்காரும். பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக வெட்டி மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். மேலே ஒரு வட்டப் பலகை, பழைய புடவையில் உறை. இதை வீட்டுக்குள் மட்டும் போடுங்கள். ஈரக் கவரை உள்ளே போட்டால் நாற்றம் பிடிக்கும், மூடி உப்பும்.

சிப்ஸ் கவரும் சாஷேயும் கணிசமாகத் தீர்வது இந்த வழியில்தான். ஏழு பாட்டிலுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் போகும்.

தகரக் கூரை வீட்டில் பாட்டிலை வைத்து வெளிச்சம் கொண்டுவரலாமாமே?

ஆமாம். பிரேசில் நாட்டு மெக்கானிக் ஆல்ஃப்ரெடோ மோசர் 2002-ல் கண்டுபிடித்த வழி. இரண்டு லிட்டர் பாட்டிலில் சுத்தமான தண்ணீரும், பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு மூடி ப்ளீச்சும் ஊற்றி, பாதி கூரைக்கு மேலும் பாதி கீழும் நிற்கும்படி பொருத்திச் சுற்றி நீர்க்கசிவு இல்லாமல் அடைத்துவிட வேண்டும். வெயில் ஒளி தண்ணீரில் வளைந்து அறை முழுக்கப் பரவும், 40 முதல் 60 வாட் பல்ப் அளவுக்கு. பகலில் மட்டும்தான். மாட்டுக் கொட்டகைக்கும் விறகு அறைக்கும் பொருத்தமானது. கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் ஓட்டை போடாதீர்கள். அந்தத் தூசு புற்றுநோய் தரும்.

செய்த பொருளை வெயிலில் வைக்கலாமா?

பாலிதீனும் பாலிப்ரோப்பிலீனும் வெயில் தாங்காது. உரச்சாக்கை மாடியில் ஒரு கோடை முழுக்கப் போட்டுவைத்துத் தூக்கிப் பாருங்கள், கையில் மாவாக உதிரும். அந்த மாவுதான் மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கும் நுண்பிளாஸ்டிக். எனவே கவர், சாக்கு, பட்டையில் செய்த எதுவும் நிழலில்தான் இருக்கவேண்டும். சாக்கில் செடி வளர்ப்பவர்கள் நிழலான பக்கத்தில் வையுங்கள், தொட்டால் நொறுங்கும் நிலை வருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பாட்டில் கொஞ்சம் அதிக நாள் தாங்கும்.

ஹோட்டலில் வரும் டப்பாவில் சமையல் பொருள் வைக்கலாமா?

பருப்பு, கடுகு மாதிரி உலர்ந்தவை சரி. சூடான ரசம், ஊறுகாய், எண்ணெய் வேண்டாம். ஊசி நூல், பட்டன், ஆணி வைக்க அதைவிட நல்ல டப்பா இல்லை.

இவற்றை விற்று வருமானம் பார்க்க முடியுமா?

பேக்கிங் பட்டைக் கூடையும் மடிப்புப் பர்ஸும் விலை போகும். மற்றவை அவ்வளவாகப் போகாது. பொருள் இலவசம் என்பதால் விலையைக் குறைத்துப் போடாதீர்கள், நீங்கள் உட்கார்ந்த மணிநேரத்துக்குக் கூலி போட்டு விலை வையுங்கள். வாங்குகிறவர் அளவு சரியாக இருக்கிறதா, முனை குத்துகிறதா, பிடி தாங்குமா என்றுதான் பார்க்கிறார். பிளாஸ்டிக்கை மிச்சப்படுத்தினோம் என்பதற்காக ஒருவர் ஒரு கூடை வாங்குவார், நன்றாக இருப்பதற்காகத்தான் இரண்டாவது வாங்குவார். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு மாவட்டங்களில் உள்ள பூமாலை வணிக வளாகங்களும் கண்காட்சிகளும் நல்ல இடம்.

வெட்டி மிஞ்சிய சின்னத் துண்டுகளை என்ன செய்வது?

வேலை செய்யும்போது மடியில் ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்ளுங்கள், ஒரு துணுக்கும் தரையில் சிந்தாது. வேலை முடிந்ததும் உதறி ஒரு பாட்டிலில் அடைத்து வையுங்கள், அடுத்த எக்கோ பிரிக்குக்கு அது ஆகும். அதற்கும் ஆகாதவற்றை மக்காத குப்பையில் தனியாகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள். நறுக்கிய பிளாஸ்டிக் கவர்களைச் சூடான ஜல்லியில் கலந்து தார்ச்சாலை போடும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கினார், அதற்காக 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். கழுவிக் காயவைத்துப் பிரித்துக் கொடுத்த கவர் மட்டும்தான் அந்த மாதிரி வேலைக்குச் சேரும். சாம்பார் ஒட்டிய கவர் சேராது.